மாதிரி எடுக்கப் போகும் முன்

வணக்கம். கல்வியியலில் கலாநிதி ஆய்வு முன்மொழிவு எழுதும் எங்கள் வன்னி ஆசிரியர்களுக்கு.

குடித்தொகை (ஆய்வுக்குரிய மொத்த ஆட்கள்) 1000 என்றால் மாதிரி 278 போதும் என்கிறது கிரெய்சி, மோர்கன் அட்டவணை (1970). ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுமாற்றாக எடுத்தால்தான் அது பொருந்தும். நாங்களோ பாடசாலையைத் தெரிந்து, வகுப்போடு வினாக்கொத்தைக் கொடுக்கிறோம். ஒரே ஊர், ஒரே ஆசிரியர். பிள்ளைகளின் விடைகளும் ஒத்துப்போகும். பாடசாலைக்கு 20 பேர், உள்வகுப்புத் தொடர்பு (ஒரே பாடசாலைப் பிள்ளைகளின் விடைகள் ஒத்துப்போகும் அளவு) 0.1 என்று வையுங்கள்: தேவையான மாதிரி 1 + (19 × 0.1) = 2.9 மடங்காகப் பெருகும். 278ஐ இதால் வகுத்தால் ஏறத்தாழ 96 பேரின் பெறுமதிதான் மிஞ்சும். பாடசாலைக்குப் பத்துப் பேர் என்றால் அந்தப் பெருக்கம் 1.9 ஆகக் குறையும். ஆகவே ஆட்களை அல்ல, பாடசாலைகளைக் கூட்டுங்கள். துணுக்காய், மடுப் பக்கம் பஸ் செலவு கூடும்தான், ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பாடசாலைகளை 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்ற பாடசாலை வகைகளின்படி படைகளாக, அதாவது தனித்தனிக் குழுக்களாக, பிரித்து எடுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கையில் குறைந்த வகை தவறிப்போகும்.

ஆங்கில அளவுகோலை, அதாவது ஆங்கில வினாக்கொத்தை, தமிழாக்கினால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும்; இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு மாதிரியில் இல்லாத பாடசாலையில் 30 பேரிடம் முன்னோடிச் சோதனை. குரொன்பாக் அல்பா (உருப்படிகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்ற அளவு) 0.7க்குக் கீழே போனால் உருப்படிகளை உடனே வெட்ட வேண்டாம். எதிர்மறைக் கூற்றுகளின் புள்ளிகளைத் திருப்பிப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான்.

நெறிமுறைக் குழு அனுமதி, வலயக் கல்விப் பணிப்பாளரின் கடிதம், பெற்றோர் சம்மதம் மூன்றும் கைக்கு வந்த பிறகே தரவு.

உங்கள் மாதிரி அட்டவணையை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.