விடியும்வரை விளக்கை அணைக்காதீர்கள்

எங்கள் பகுதியின் தெருவிளக்குகளுக்கும் நடைபாதைகளுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். விடியும் முன்பே தெருவிளக்குகள் அணைந்துவிடுகிற இந்த விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. செப்டம்பரிலிருந்து நாங்கள் கொடுத்த மூன்று புகார்கள் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. மூன்றுக்குமே 'புகார் தீர்க்கப்பட்டது' என்று எங்களுக்குக் குறுஞ்செய்தி வந்தது. எதுவும் தீரவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் பழைய கதையை விட்டுவிட்டு, போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காலை 5.40 இருக்கும். எங்கள் ஓட்டக் கூட்டத்திலேயே மூத்தவர், 57 வயது, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்கு நாலடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். வழக்கம்போல 5.30க்கு விளக்குகள் அணைந்துவிட்டன. ராத்திரி பெய்த மழையில் தெரு ஓரமெல்லாம் தண்ணீர். எதிரே ஒரு பால் வண்டி ஹெட்லைட்டை முழுசாகப் போட்டுக்கொண்டு வந்தது. கண் கூசியதில் அக்கா ஓரமாக ஒதுங்கினார். வண்டி தாண்டியதும் முன்பிருந்ததைவிட இருட்டாகிவிட்டது. "அம்மா" என்று ஒரு சத்தம் கேட்டது. அது தரைக்குக் கீழேயிருந்து வந்தது.

மழைநீர் வடிகாலைத் தூர்வார செப்டம்பரில் சிமென்ட் மூடியை எடுத்தார்கள். தூர்வாரி முடித்தார்கள், மூடியைத் திரும்பப் போடவில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு முருங்கைக் கிளையை அந்தப் பள்ளத்தில் நட்டு, சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். பகலில் அது போதும். விளக்கில்லாத நேரத்தில் கிளையும் தெரியாது, துணியும் தெரியாது. விழும்போது அக்கா அந்தக் கிளையைத்தான் பிடித்திருக்கிறார். முருங்கைக் கிளை யாரைத் தாங்கும்? கையோடு முறிந்து வந்துவிட்டது.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தபோது முழங்கால்வரை கறுப்புச் சகதியில் நின்றார். ஒரு பாதம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. எங்களால் தூக்க முடியவில்லை. தெருமுனையில் பெருக்கிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கினார்கள். அவர்களும் அதே இருட்டில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கணுக்காலில் எலும்பு முறிவு. பிளேட் வைத்து, ஆறு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாதாம். அக்கா வீட்டிலிருந்தே மாதச் சாப்பாடு சமைத்துக் கொடுத்துப் பிழைப்பவர். அடுப்படியில் நிற்க முடியாதவருக்கு மூன்று மாதம் என்றால் என்னவென்று நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் நடக்க ஆரம்பித்து, நடையிலிருந்து ஓட்டத்துக்கு வந்தவர் அவர். அவருடைய ஒரு ஷூ இன்னும் அந்த வடிகாலுக்குள்தான் கிடக்கிறது.

அன்று காலையே உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "இருட்டுல யாரும்மா உங்கள ஓடச் சொன்னது?"

அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. பதில் சொல்கிறேன். சென்னையில் வெயிலும் புழுக்கமும் ஏறுவதற்கு முன்னால் ஓடி முடிக்க வேண்டும், ஏழரைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். எட்டு மணிக்குள் பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, வேலைக்கும் கிளம்ப வேண்டும். எங்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் பெண்கள். எங்களுக்கென்று ஒரு நாளில் மிஞ்சுவது காலை ஐந்திலிருந்து ஆறரை வரைதான். அந்த நேரத்தில் யாரும் எங்களிடம் எதுவும் கேட்பதில்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்களுக்குக் கிடைப்பது எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். மலையும் கடலும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கிற ஊர் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்குவோம். சுமார் 300 அடி உயரக் குன்றுதான். ஆனால் 1523இல் போர்ச்சுக்கீசியர் கட்டிய தேவாலயம் உச்சியில் இருக்கிறது, 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் இந்தியாவை அளக்க அடிப்படை அளவுக்கோடு போட்டதும் இந்த மலையை ஒட்டித்தான். அங்கிருந்து கிண்டி, சர்தார் படேல் சாலை. காந்தி மண்டபத்தைத் தாண்டும்போது கிண்டிக் காட்டுப் பக்கமிருந்து ஒரு குளிர்காற்று வரும் பாருங்கள், அதுவரை ஏறியிருந்த களைப்பெல்லாம் இறங்கிவிடும். மத்திய கைலாஷ், அடையாறு, அப்புறம் பெசன்ட் நகர். அங்கே கடற்கரையில் இருக்கும் ஷ்மிட் நினைவுச் சின்னத்தைத் தொடும்போது கடலுக்கு மேல் வானம் வெளுத்துக்கொண்டிருக்கும். ஒரு வழிக்குப் பத்துக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, உறுப்பினர் சந்தா கிடையாது. வழி தெரிந்தால் போதும்.

எங்கள் முக்கியக் கோரிக்கை ஒன்றுதான். விடியும்வரை விளக்கை அணைக்காதீர்கள்.

வருஷம் முழுக்க 5.30 என்று டைமரை வைத்துவிட்டால் எப்படி? ஜூன் தொடக்கத்தில் சென்னையில் 5.45க்கு முன்பே சூரியன் உதித்துவிடும், அப்போது 5.30 சரி. ஜனவரி கடைசியில் உதயம் 6.35ஐ ஒட்டிப் போய்விடும். தை மாதம் பாதிக்கு மேல் ஓடினாலும் முக்கால் மணி நேரம் கும்மிருட்டில்தான் ஊர் நடமாட வேண்டியிருக்கிறது. ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒருமுறை போட்டுவிட்டால் தினமும் உதய நேரத்தைத் தானே கணக்கிட்டு அணைக்கும் டைமர்கள் கடையில் கிடைக்கின்றன. அது வரும்வரை மாதத்துக்கு ஒருமுறை ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்து நேரத்தை மாற்றினாலே போதும்.

மின்சாரச் சிக்கனம் என்று இரண்டாவது புகாருக்குப் பதில் சொன்னீர்கள். 90 வாட் எல்.இ.டி. விளக்குகள் நூறு, ஒரு மணி நேரம் கூடுதலாக எரிந்தால் ஆகிற செலவு 9 யூனிட். அக்காவின் காலுக்குள் இருக்கும் ஆறு ஸ்க்ரூவில் ஒன்றின் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

ஓடுகிறவர்களுக்கு மட்டும் இதைக் கேட்கவில்லை. மார்கழி பிறக்கப் போகிறது. வாசலில் குனிந்து கோலம் போடும் பெண்கள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் வரும் பைக்காரருக்கு அவர்கள் தெரிய வேண்டாமா? பேப்பர் போடும் பையன்கள், பூக்காரம்மாக்கள், பஜனைக்குப் போகும் பெரியவர்கள், முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போகும் வீட்டுவேலைப் பெண்கள், எல்லோரும் அந்த நேரத்தில்தான் தெருவில் இருக்கிறார்கள்.

நடைபாதையில் ஓட வேண்டியதுதானே என்றும் கேட்பார்கள். எங்கே இருக்கிறது நடைபாதை? டிரான்ஸ்ஃபார்மரும் கேபிள் பெட்டியும் நிறுத்திவைத்த பைக்கும் போக மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு ஆள் நேராக நடக்க முடியாது. வருஷத்தில் ஒரு நாள் மாரத்தான் நடக்கும்போது வண்டிகளை நிறுத்தி, தடுப்பு வைத்து, சாலையை எங்களுக்கு ஒழித்துத் தருகிறார்கள். அதற்கு மனதார நன்றி. ஆனால் அந்த ஒரு நாளுக்காகத் தயாராகிற மற்ற நாட்களில்தான் எங்கள் காலும் கையும் உடைகின்றன. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை மறைத்து எழுதத் தெரியவில்லை, மன்னியுங்கள்.

நடைபாதையை நாளைக்கே சரிசெய்யுங்கள் என்று கேட்கவில்லை. அதற்குப் பணமும் டெண்டரும் வேண்டும், புரிகிறது. விளக்குக்கு அது எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கம்பம், ஏற்கெனவே இருக்கும் விளக்கு. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். விடியும்வரை எரிய விடுங்கள்.

கூடவே அந்த வடிகால் மூடி. அது எங்கேயும் போகவில்லை, பத்தடி தள்ளி சுவரில் சாய்த்து வைத்தபடியே இருக்கிறது. நாலு பேர் சேர்ந்தால் தூக்கிப் போட்டுவிடலாம், நாங்களே செய்யத் தயார். உங்கள் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது என்று சொன்னதால் காத்திருக்கிறோம்.

இரண்டையும் மார்கழி முதல் தேதிக்குள் செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் உங்களில் யாராவது ஒருவர் ஒரு நாள் 5.30க்கு அந்தத் தெருவுக்கு வாருங்கள். டீக்கடை திறந்திருக்கும். கடைக்காரர் அந்தப் பள்ளத்தில் இப்போது வேப்பங்கிளை நட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
பரங்கிமலை அடிவாரத்தில் ஓடும் பெண்களில் ஒருத்தி