சைப்ரஸ் வாங்காத கடனும் கட்டிய வட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சைப்ரஸ் தீவைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிரிட்டிஷார் போட்ட சாலைகள், அமைத்த நீதிமன்றங்கள், கிரேக்கர்களும் துருக்கியரும் ஒத்துப்போகாமல் இருந்தது எல்லாம் அதில் இருந்தது. தீவு மக்கள் அரை நூற்றாண்டு கட்டிய கப்பத்தைப் பற்றி மட்டும் ஒரு வாக்கியம்கூட இல்லை. நான் முப்பது வருஷம் கருவூலக் கணக்கு எழுதியவன். அந்த விடுபடல் எனக்குப் பெரிதாகவே பட்டது.

1878-ல் உஸ்மானிய (துருக்கி) சுல்தானிடமிருந்து தீவின் நிர்வாகத்தைப் பிரிட்டன் வாங்கியபோது, வருடா வருடம் ஒரு தொகை தருவதாக ஒப்புக்கொண்டது. 92,799 பவுண்டு, 11 ஷில்லிங், 3 பென்ஸ். சுல்தான் ஆட்சியின் கடைசி ஐந்து வருடங்களில் செலவு போக மிஞ்சியதற்குச் சராசரி எடுத்து வந்த கணக்கு அது. அந்த 3 பென்ஸைப் பாருங்கள். கணக்கு அவ்வளவு சுத்தம், ஆனால் பணம் சுல்தானுக்குப் போகவில்லை. கிரீமியப் போருக்காக 1855-ல் உஸ்மானிய அரசு வாங்கிய கடனுக்குப் பிரிட்டனும் பிரான்சும் ஜாமீன் நின்றிருந்தன. சுல்தான் கைவிரித்ததும் சைப்ரஸ் பணத்தை லண்டனிலேயே பிடித்துக் கடன் பத்திரக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடன் வாங்கியவர் ஒருவர், ஜாமீன் போட்டவர் ஒருவர், வட்டி கட்டியது அந்தக் காகிதத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத தீவு விவசாயி. 1907-ல் காலனித் துறைத் துணை அமைச்சராகத் தீவுக்குப் போன சர்ச்சிலே இது நியாயமில்லை என்று எழுதினார். 1914-ல் துருக்கியோடு போர் மூண்டு தீவையே பிரிட்டன் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சரி, இனி கப்பம் யாருக்கு? துருக்கிக் கடனில் சைப்ரஸின் பங்கு என்று பெயரை மாற்றித் தொடர்ந்து வாங்கினார்கள். 1927-ல்தான் ரத்தானது. அப்போதும் பேரரசின் பாதுகாப்புக்கு என்று ஆண்டுக்கு 10,000 பவுண்டு கேட்டார்கள்.

இரு சமூகமும் ஒத்துப்போகவே இல்லை என்று கட்டுரையாளர் எழுதியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைய சட்டசபையில் கிரேக்கர் 12, துருக்கியர் 3, பிரிட்டிஷ் அரசின் அதிகாரிகள் 9. துருக்கிய உறுப்பினர்கள் அதிகாரிகளோடு சேர்ந்தால் 12-க்கு 12. ஆளுநர் தன் வாக்கைப் போட்டு முடித்துவிடுவார். அப்படித்தான் வருஷக்கணக்கில் நடந்தது. 1931-ல் புதிய சுங்க வரி மசோதா வந்தபோது நெஜாத்தி பே என்ற துருக்கிய உறுப்பினர் எழுந்து கிரேக்கர்களோடு வாக்களித்தார். மசோதா தோற்றது. அந்த ஒரு வாக்குக்கு லண்டன் தந்த பதில், அதே வரியை அரசாணை மூலம் திணித்தது!

அந்த அக்டோபரில் தலைநகர் நிகோசியாவில் கூட்டம் ஆளுநர் மாளிகையைக் கொளுத்தியது. அது மரத்தால் ஆன வீடு. இலங்கைக்கு அனுப்ப வைத்திருந்த பாகங்களைச் சைப்ரஸுக்குத் திருப்பிவிட்டுப் பொருத்தி நிறுத்தியது. சட்டசபையைக் கலைத்தார்கள். அப்புறம் சேதத்துக்காக 34,000 பவுண்டுக்கு மேல் தண்டம் விதித்து, கிரேக்கர்களிடம் மட்டும் வசூலித்தார்கள். வரியை எதிர்த்து இரு பக்கமும் சேர்ந்து வாக்களித்த அதே வருஷத்தில், தண்டத்தை ஒரு பக்கத்தின் தலையில் மட்டும் கட்டினார்கள். பிளவைப் பற்றி எழுதுகிறவர் இதை எப்படி விட்டார் என்று எனக்குப் புரியவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். 1955 ஆயுதப் போராட்டத்துக்கும் 1960 விடுதலைக்கும் போகும் முன்னால், நெஜாத்தி பேயின் வாக்குக்கும் அந்த 3 பென்ஸுக்கும் ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்,
கும்பகோணம்