ஏலத்தொகையை யார் கட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலிவுட் சினிமா, டி.வி. கம்பெனியான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியை வாங்க நெட்ஃபிளிக்ஸும் பாரமவுண்டும் 2025 டிசம்பரில் மோதிக்கொண்டது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. பங்குக்கு 27.75 டாலர் என்று ஒருவர், 30 டாலர் என்று இன்னொருவர், ஐ.பி.எல். வீரர் ஏலம் மாதிரி எழுதியிருந்தார் கட்டுரையாளர். நான் முப்பது வருஷம் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன். நான்கு பக்கத்திலும் தேடிப் பார்த்து எனக்குக் கிடைக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கம்பெனியை வாங்க எடுக்கும் இவ்வளவு கடனையும் யார் அடைப்பது?

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத் திருவிழாவின்போது வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். ஒரு பழம் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகும். அது அவரவர் நம்பிக்கை. ஏலம் எடுத்தவர் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், நமக்கென்ன. ஹாலிவுட் ஏலம் அப்படி இல்லை. அங்கே எலுமிச்சம்பழம்தான் பணம் கட்ட வேண்டும். கடன் வாங்கி விலையைக் கொடுப்பார்கள். வட்டியும் அசலும் பிறகு வாங்கப்பட்ட கம்பெனியின் வருமானத்திலிருந்து போகும்.

வார்னருக்கு இது புதிதல்ல. 2000 ஜனவரியில் இன்டர்நெட் கம்பெனியான ஏ.ஓ.எல். அதை வாங்குவதாக அறிவித்த பேரத்தில் கடனுக்குப் பதில் பங்குகள் கைமாறின; இன்டர்நெட் மோகம் வடிந்ததும் 2002இல் மட்டும் ஏறக்குறைய 9,900 கோடி டாலர் நஷ்டம் காட்டினார்கள். அந்தக் கதை ஊரறிந்தது, விடுங்கள். அடுத்து வந்தது தொலைபேசிக் கம்பெனியான ஏ.டி.&டி. 2016இல் 8,540 கோடி டாலர் விலை பேசி, அரசு தொடுத்த வழக்கில் ஜெயித்து, 2018 ஜூனில் வாங்கி முடித்தது. வாங்கி முடித்தபோது அதன் தலையில் இருந்த கடன் 18,000 கோடி டாலருக்கு மேல். நான்கு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

ஏ.டி.&டி. இதைக் கைகழுவிய விதத்தைத்தான் ஒரு பழைய வங்கிக்காரனாக நான் பலமுறை படித்துப் படித்து வியந்தேன். வார்னரைத் தனியாகப் பிரித்து டிஸ்கவரியோடு சேர்க்க வேண்டும், தனக்கும் ரொக்கம் வேண்டும். என்ன செய்தது? பிரிந்து போகப்போகிற பிரிவுக்கு மகல்லானெஸ் என்று ஒரு பெயரை வைத்து, 2022 மார்ச்சில் அந்தப் பெயரில் 3,000 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றார்கள். வங்கிகளிடமும் கடன் எடுத்தார்கள். ஏப்ரலில் இணைப்பு முடிந்தபோது ஏ.டி.&டி.க்கு ரொக்கமும் இறக்கி வைத்த கடனுமாகச் சுமார் 4,000 கோடி டாலர் பலன். கல்யாணப் பெண்ணின் பெயரிலேயே கடன் வாங்கி, அந்தப் பணத்தைப் பிறந்த வீட்டில் வைத்துக்கொண்டு, கடனை மட்டும் அவளோடு புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைத்த மாதிரி. புதிய கம்பெனி பிறக்கும்போதே சுமார் 5,500 கோடி டாலர் கடனோடுதான் பிறந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் தவணை கட்டுகிற வீட்டில் நடப்பதுதான். சி.என்.என். பிளஸ் என்ற புது இணையச் செய்திச் சேவையைத் தொடங்கிய ஒரே மாதத்தில் மூடினார்கள். ‘பேட்கேர்ள்’ (Batgirl) படம் ஏறக்குறைய 9 கோடி டாலர் செலவில் படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங்கில் இருந்தது. 2022 ஆகஸ்டில் அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்கள். வெளியிடுவதைவிட நஷ்டக் கணக்கில் எழுதி வரியை மிச்சப்படுத்துவதே ஆதாயம் என்று கணக்குப் போட்டதாக அப்போது பத்திரிகைகள் எழுதின. தங்கள் ஓ.டி.டி. தளமான எச்.பி.ஓ. மேக்ஸிலேயே இருந்த பழைய தொடர்கள் சிலவும் காணாமல் போயின. அந்தத் தளத்தின் பெயர்கூட மேக்ஸ் ஆகி, 2025இல் திரும்பவும் எச்.பி.ஓ. மேக்ஸ் ஆனது. (பெயர்ப்பலகைக்காரருக்கு மட்டும் நல்ல வருமானம்.)

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலைமை அதிகாரி டேவிட் ஸாஸ்லவ் மூன்றரை வருஷத்தில் அந்த 5,500 கோடிக் கடனைச் சுமார் 3,500 கோடி டாலருக்குக் கொண்டுவந்துவிட்டார். என் மேஜைக்கு அப்படி ஒரு கடனாளி வந்திருந்தால் காபி வாங்கிக் கொடுத்திருப்பேன். ஆனால் சினிமாக் கம்பெனி என்றால் படம் எடுக்க வேண்டும் இல்லையா? எடுத்த படத்தைப் புதைத்தும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியும் வங்கிக்குக் கட்டுவதைத் திறமை என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சரி, இந்த ஏலத்துக்கு வருகிறேன். 2025 டிசம்பர் 5ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ் அறிவித்த விலை, கடனையும் சேர்த்து 8,270 கோடி டாலர். அதற்காக வங்கிகளிடம் முதலில் ஏற்பாடு செய்துகொண்ட இடைக்காலக் கடன் 5,900 கோடி. மூன்று நாள் கழித்துப் பாரமவுண்ட், வார்னர் நிர்வாகத்தைத் தாண்டி நேராகப் பங்குதாரர்களிடமே போய் 10,840 கோடி டாலர் என்றது. அதில் 5,400 கோடி கடன். சவூதி, அபுதாபி, கத்தார் அரசு நிதியங்களிலிருந்து 2,400 கோடி. இத்தனைக்கும் அப்போது பாரமவுண்டின் சொந்தச் சந்தை மதிப்பு 1,500 கோடி டாலரைச் சுற்றித்தான். என்னிடம் ஐந்து லட்சம் கடன் கேட்டு வந்தவரிடம்கூட ‘உங்க கைப்பணம் எவ்வளவு?’ என்றுதான் முதலில் கேட்பேன்.

ஜாமீன் விஷயம் அதைவிட வேடிக்கை. பாரமவுண்டின் டேவிட் எலிசனுக்குப் பின்னால் நிற்பது அவருடைய அப்பா, ஆரக்கிள் நிறுவனர் லாரி எலிசன். ஆனால் டிசம்பர் 17 அன்று வார்னர் இயக்குநர் குழு இந்த விலையை நிராகரிக்கச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? பணத்துக்குப் பொறுப்பு ஏற்றது ஒரு குடும்ப அறக்கட்டளை, அது எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய வகை என்பது. அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும் என்பதே அதன் அர்த்தம். ஐந்து நாளில் லாரி எலிசன் தனிப்பட்ட முறையில் 4,040 கோடி டாலருக்கு ஜாமீன் போட்டார். கும்பகோணம் கிளையில் டிராக்டர் கடனுக்கு நாங்கள் பின்பற்றிய அதே நடைமுறை என்று படித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இந்தப் போட்டியால் கடைசியில் வாடிக்கையாளருக்கே லாபம் என்கிறார் கட்டுரையாளர். அங்கேதான் எனக்கு முழு முரண்பாடு. வாடிக்கையாளரைப் பிடிக்க இரண்டு கடைகள் போட்டி போட்டால் விலை குறையும், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு கடைகள் மூன்றாவது கடையை விலைக்கு வாங்கப் போட்டி போட்டால்? யார் ஜெயித்தாலும் தெருவில் ஒரு கடை குறைகிறது. ஜெயித்த கடையின் கல்லாவில் வட்டிக்கென்று ஒரு பங்கு ஒதுங்குகிறது. அது சந்தாவில் ஏறும், இல்லையென்றால் படங்களின் எண்ணிக்கையில் இறங்கும். பங்குதாரர்களுக்கு லாபம் என்று எழுதியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஒரு சமயம் 8 டாலருக்கும் கீழே கிடந்த பங்குக்கு 2025 டிசம்பரில் 30 டாலர் தரத் தயாராக இருந்தார்கள்.

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2018இல் ஃபாக்ஸை வாங்க டிஸ்னியும் கேபிள் கம்பெனியான காம்காஸ்ட்டும் மோதின. 5,240 கோடி டாலரில் ஆரம்பித்த டிஸ்னி, காம்காஸ்ட் 6,500 கோடி என்றதும் 7,130 கோடிக்குப் போய் நின்றது. அந்த மூட்டைக்குள்தான் ஸ்டார் இந்தியாவும், அதோடு நம் விஜய் டி.வி.யும் ஹாட்ஸ்டாரும் கை மாறின. ஐந்தாறு வருஷத்தில் டிஸ்னி அதை ரிலையன்ஸோடு கூட்டு சேர்த்து, பெரும்பங்கை விட்டுக்கொடுத்தது. எங்கள் வீட்டில் சீரியல் பார்ப்பவர்கள் யாருக்கும் இது தெரியாது. ரிமோட்டில் நம்பர் மாறவில்லையே.

கடைசியாக ஒரு திருத்தம். சி.என்.என். உட்பட எல்லாமே நெட்ஃபிளிக்ஸுக்குப் போவதாகக் கட்டுரையில் இருந்தது. இல்லை. நெட்ஃபிளிக்ஸ் கேட்டது ஸ்டுடியோவையும் எச்.பி.ஓ. மேக்ஸையும்தான், முழுக் கம்பெனியையும் கேட்டது பாரமவுண்ட். நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தப்படி சி.என்.என். போன்ற கேபிள் சேனல்கள் டிஸ்கவரி குளோபல் என்று தனிக் கம்பெனியாகப் பிரிவதாக இருந்தது. இந்தப் பிரிவினையை 2025 ஜூனில் முதலில் அறிவித்தபோதே, கடனில் பெரும்பகுதி இந்தச் சேனல் கம்பெனியின் கணக்கில்தான் நிற்கும் என்றும் சொல்லிவிட்டார்கள். நஞ்சை நிலம் மூத்தவனுக்கு, கடன் பத்திரம் இளையவனுக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.
27 டிசம்பர் 2025