கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கும் உள்ளேயே தங்கியவர்களுக்கும்

அன்புடையீர்,

சென்ற ஞாயிறு முதல் எங்கள் முதியோர் இல்லத்தின் முன்கூடத்தில் மீண்டும் பார்வையாளர்கள் உட்காருகிறார்கள். ஒன்றரை ஆண்டாகக் கேட்டுக் கம்பியின் வழியே பேரப்பிள்ளைகளைப் பார்த்தவர்கள் இப்போது கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். நன்றி சொல்வதை இனியும் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

2020 மார்ச் 24 இரவு கொரோனா ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது இங்கே 38 பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் எண்பதைக் கடந்தவர்கள், வாசலைத் தாண்டாதவர்கள். கிருமி வருவதென்றால் அன்றாடம் வந்துபோகும் எங்களோடுதான் வரும். இதைப் பணியாளர்களிடம் எப்படிச் சொல்வதென்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோதே ஒன்பது பேர் மூட்டை முடிச்சோடு வந்து உள்ளேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தம் மகள் பெரியவளான செய்தியைத் தொலைபேசியில்தான் கேட்டார். அன்று அவர் சமைத்த கேசரியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வேன்! கவச உடையை அணிந்து முடித்த எங்கள் கையுறைகளில் மஞ்சள்தூளைத் தடவிவிட்டு, "இப்போது கழற்றுங்கள்" என்றார். கழற்றி முடித்தபோது என் கழுத்திலும் கன்னத்திலும் மஞ்சள். "இதுதான் கொரோனா" என்றார். முதலில் கையுறை, கடைசியில் முகக்கவசம், நடுநடுவே கை கழுவுதல் என்று நான்கு நாள் எங்களைப் பழக்கினார். அந்தப் பாடம் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை.

துப்புரவுப் பணி பார்க்கும் அக்கா ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கை ஒரு டப்பா மூடியில் ஆணியால் கோடு கிழித்து வைத்துக்கொண்டார். நேற்றுக் கரைத்தது இன்று வீரியம் இழந்துவிடும் என்று மீதத்தைத் தயங்காமல் கொட்டிவிடுவார். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகுதான் பிளீச்சிங். கழிவறை ஆசிட்டை பிளீச்சிங் கரைக்கும் அறைப் பக்கமே விடமாட்டார். இரண்டும் கலந்தால் விஷவாயு. வாக்கர்கள் துருப்பிடிக்காமல் இருக்க அவற்றை மறுபடி வெறுந்தண்ணீரில் துடைத்ததும் அவர் யோசனைதான்.

மருந்து தெளிக்கும் சுரங்கப்பாதை ஒன்றை வாசலில் அமைத்துத் தர முன்வந்த அன்பருக்கு, நான் வேண்டாம் என்றபோது வருத்தம் இருந்திருக்கும். மனிதர்கள் மீது கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று 2020 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகமே சொல்லிவிட்டது. ஐயா, நீங்கள் அதே பணத்தில் காலால் அழுத்தும் குழாய்கள் மூன்று வாங்கித் தந்தீர்கள். அவை இன்றும் ஓடுகின்றன.

இவ்வளவு செய்தும் 2021 மே மாதம் நோய் உள்ளே வந்தது. பாட்டி ஒருவருக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பாதித் தோசையை வைத்துவிட்டு, என்றோ இறந்துபோன தங்கையின் பெயர் சொல்லிப் பராமரிப்பாளரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் உடனே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினார், அளவு 91-க்குக் குறைந்திருந்தது. வயதானவர்களுக்கு நோய் இப்படியும் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான்கு பேரை 108 வண்டியில் அனுப்பினோம். இருவர் திரும்பவில்லை. பாட்டி திரும்பிவிட்டார். மற்ற அறைகளுக்கு அது பரவவில்லை.

அடையாள அட்டை எதுவும் இல்லாதவர்களுக்கும் தடுப்பூசி போடலாம் என்ற வழிகாட்டுதல் வந்ததும், எங்களிடம் அப்படி இருந்த ஏழு பேருக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்கள் குளிர்ப்பெட்டியோடு இங்கேயே வந்தார்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டுமே, அதுவரை தாத்தா ஒருவர் பாடிய பாட்டையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். அதற்குத் தனி நன்றி.

பால்காரத் தம்பி, ஒரு நாள்கூடத் தவறாமல் கேட்டருகே கேனை வைத்து, மணியடித்து, பத்தடி தள்ளி நின்றாய். உன்னுடைய இரண்டு கேன்கள் எங்களிடமே தங்கிவிட்டன. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். இனி உள்ளே வந்தே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இல்லப் பொறுப்பாளர்