ஒரு மேசை போதும்: பொது நூலகத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பொது நூலக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். விடிகாலையில் நாவல் எழுதுகிறேன். ஒன்று அச்சாகிவிட்டது. இரண்டாவது நாலு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

"கதையெல்லாம் எங்கேயிருந்து சார் வருது?" என்று போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள். கதைக்குப் பஞ்சமே இல்லை. என் பாட்டி தனுஷ்கோடியில் வாழ்ந்தவர். 1964 டிசம்பர் புயலைப் பற்றி அவர் சொன்னதில் பாதியை எழுதவே என் ஆயுசு போதாது. உட்கார்ந்து எழுத இடம்தான் இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. நாலரைக்கு எழுந்து அடுப்படியில் மணை போட்டு உட்காருவேன். முந்தின நாள் எழுதியதை முதலில் ஒருமுறை கையால் படியெடுப்பேன். அந்தச் சூட்டில் அடுத்த வரி தானாக வந்துவிடும். ஆறு மணிக்கு மிக்ஸி ஓட ஆரம்பிப்பதற்குள் அரைப்பக்கம் தேறினால் அது நல்ல நாள்.

பல நாள் அதுவும் தேறாது. தனுஷ்கோடிக் கப்பலுக்கு ஆள் கொண்டுவந்த போட் மெயில் ரயில் எழும்பூரில் எத்தனை மணிக்குக் கிளம்பியது? அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறப் போகிறவர்களின் பெட்டிகளை எங்கே வைத்துச் சோதித்தார்கள்? அந்தப் புயலில் பாம்பன் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோன ராத்திரி வானத்தில் நிலா இருந்ததா? பழைய பஞ்சாங்கம், மாவட்ட விவரமெல்லாம் தொகுத்த அரசு கெசட்டியர், பழைய ரயில்வே அட்டவணை, இதையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு பத்தி நகராது. ஆகவே நோட்டைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சொந்த நோட்டு உள்ளே வரக் கூடாதாம்.

"என்ன எக்ஸாமுக்குப் படிக்கிறீங்க?"

"எக்ஸாம் இல்லம்மா, நாவல் எழுதுறேன்."

"அதை வீட்லயே எழுதலாமே சார்!"

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பக்கம் கிழிக்கிறவர்களையும் ஓரத்தில் கிறுக்குகிறவர்களையும் தினம் பார்க்கிறவர் அவர். போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஓர் அங்குலம்கூட எனக்கு வேண்டாம்.

அமெரிக்காவில் ரே பிராட்பரி என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். 1950-ஐ ஒட்டிய காலம். தனியாக ஓர் அறை எடுக்கக் காசில்லை. வீட்டில் எழுத உட்கார்ந்தால் குழந்தை விளையாடக் கூப்பிடும். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் தட்டச்சு இயந்திரங்களை வாடகைக்கு வைத்திருந்தார்கள். பத்து சென்ட் காசு போட்டால் அரைமணி நேரம் ஓடும். ஒன்பது நாளில் ஒன்பது டாலர் எண்பது சென்ட் செலவழித்து ஒரு குறுநாவலை முடித்தார். கணக்குப்பிள்ளை புத்தி, போட்டுப் பார்த்தேன்: 49 மணி நேரம். சந்தேகம் வந்தால் மாடிக்கு ஓடி அலமாரியிலிருந்து புத்தகத்தை உருவிப் பார்ப்பாராம். அந்தக் குறுநாவல்தான் வளர்ந்து 1953-இல் 'ஃபாரன்ஹீட் 451' ஆனது. புத்தகங்களைக் கொளுத்துகிற ஓர் உலகத்தைப் பற்றிய கதையை நூலகத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் மனுஷன்!

நம் ஊரில் அசோகமித்திரன் தி.நகர் பூங்காவில் உட்கார்ந்து எழுதினார். அதை ஏதோ தவம் மாதிரி சிலாகிக்கிறோம். எனக்கென்னவோ அது இடநெருக்கடியாகத்தான் படுகிறது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப்பகுதியே வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு துளி எங்கள் பக்கமும் வரட்டும். கிளை நூலகத்துக்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலி. உள்ளே போகும்போது நோட்டைக் காட்டிப் பதிவேட்டில் கையெழுத்து, வெளியே வரும்போது இன்னொரு கையெழுத்து. மேற்கோள் நூல்களை அந்த மேசையில் வைத்துப் பார்க்க அனுமதி. அவ்வளவுதான். சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென்று முதலில், 1948-இலேயே, சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியை நானும் கட்டுகிறேன். மேசைக்கு மணிக்கணக்கில் வாடகை என்றாலும் சரி, கொடுத்துவிடுகிறேன்.

இப்போதைக்கு என் நோட்டை வாசல் அலமாரியில் ஹெல்மெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போகிறேன். கெசட்டியரில் நாலு வரியை மனப்பாடம் செய்துகொண்டு, மறப்பதற்குள் வெளியே ஓடிவந்து, படிக்கட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். போன வாரம் ஐந்து தடவை உள்ளேயும் வெளியேயுமாக நடந்தேன். ஆறாவது தடவை அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

இப்படிக்கு,
தங்கள் கிளை நூலக உறுப்பினன் ஒருவன்