ஈரக் காட்போட் மணக்கும் விஸ்கியும் பதினொரு தொலைபேசி அழைப்பும்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

விடயம்: தக்கை கெட்ட மூன்று போத்தல்கள் - ஆறாவது கடிதம்

வணக்கம்.

தமிழிலும் சேவை உண்டு என்று உங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆகவே இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஐந்து எழுதியாகிவிட்டது. ஐந்துக்கும் ஒரே பதில்தான் வந்தது, அதுவும் நான் கேட்காத கேள்விக்கு.

நான் சொல்வது உங்கள் நீல லேபல் விஸ்கியைப் பற்றி. 750 மி.லீ., மதுசாரம் 40 வீதம், 32.95 டொலர். திருகுமூடியைக் கைவிட்டு, பிளாஸ்டிக் தலை வைத்த தக்கைக்கு மாறினீர்களே, அதுதான். ஒரே லொட் இலக்கத்தில் மூன்று போத்தல் வாங்கினேன். மூன்றிலும் மழையில் நனைந்து மூலையில் கிடந்த காட்போட் மட்டையின் மணம். பற்றுச்சீட்டும், போத்தலின் அடியில் அச்சடித்த இலக்கத்தின் படமும் ஆறாவது தடவையாக இணைக்கப்பட்டுள்ளன.

இந்த விஸ்கி எப்படி இருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் முதலில் ரொபி, அடுத்து வனிலா, அதன் பின்னால் கராம்பும் இஞ்சியும். விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் கிரேப்ஃப்ரூட் தோலின் மெல்லிய கசப்பு. சோளத்தை ஏறக்குறைய 94 வீதம் வரை வடித்துப் பழைய பீப்பாயில் போட்டு, ரை என்னும் தானியத்தைக் குறைந்த வீதத்தில் வடித்துக் கருக்கிய புது ஓக்கில் போட்டு, இரண்டையும் தனித்தனியாக முதிரவைத்துக் கடைசியில் கலப்பது கனடாக்காரரின் பழைய கைப்பழக்கம். அந்தக் கலவையை இந்த விலையில் இவ்வளவு சுத்தமாகச் செய்பவர்கள் குறைவு என்று நானே பலருக்குச் சொல்லி வாங்க வைத்திருக்கிறேன். அந்தப் பலரின் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்பதையும் என் நட்டக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். "விஸ்கி குளிரில் கலங்குவது இயல்பு, அறை வெப்பத்தில் வைத்தால் தெளிந்துவிடும்" என்று ஐந்து தடவை எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். 46 வீதத்துக்குக் கீழே தண்ணீர் சேர்த்த விஸ்கியில் சில கொழுப்பமில எஸ்டர்கள் குளிரில் பிரிந்து மங்கலாகத் தெரியும், சூடு ஏறினால் கரைந்துவிடும். அதற்காகத்தான் நீங்கள் குளிர்வடிகட்டல் செய்கிறீர்கள். ஆனால் என் போத்தல் கலங்கவில்லை ஐயா, மணக்கிறது. கலங்கல் கண்ணுக்கு, மணம் மூக்குக்கு. உங்கள் இரண்டாவது முகவர் "பிரச்சினை தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்றார். மணத்தை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டேன். "அப்படியென்றால் முறைப்பாட்டைப் பதிய முடியாது" என்று வைத்துவிட்டார்.

தவறு என் பக்கம் இருக்கலாம் என்று முதலில் நினைத்தவன் நான்தான். ஆகவே ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இதை உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு வாசிக்கட்டும், முகவர்கள் வாசிக்கவேண்டாம்.

முதலில் கிளாஸ். அலுமாரிக்குள் கவிழ்த்து வைத்த கிளாஸ் மரப்பலகையின் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும், புதுக் கிளாஸ் தன் பெட்டியின் மட்டை மணத்தைப் பிடித்திருக்கும். அதனால் வாய் குறுகிய டியூலிப் கிளாஸ்களைச் சவர்க்காரம் இல்லாமல் சுடுதண்ணீரில் கழுவி, நிமிர்த்தி வைத்துக் காயவிட்டு, வெறும் கிளாஸை முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. 25 மி.லீ. ஊற்றினேன், ஐஸ் இல்லை, அறை வெப்பம் 20 பாகை. விளிம்பிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி, வாயைச் சற்றுத் திறந்து வைத்து முகர்ந்தேன். முதல் முகர்விலேயே மட்டை. மூன்றாம் முகர்வில் அது குறைந்ததுபோல் இருக்கும், அதை நம்பக்கூடாது. இந்த மணத்துக்கு மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும். வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தால் மறுபடியும் அப்படியே நிற்கும்.

பிறகு அதே 25 மி.லீ.க்கு 25 மி.லீ. குளோரீன் இல்லாத தண்ணீர். உங்கள் கலவை நிபுணர்களும் 20 வீதத்துக்கு இறக்கித்தான் முகர்ந்து பார்ப்பார்கள், காரணம் உங்களுக்குத் தெரியும்: மதுசாரம் கூடினால் மணத்தைக் கட்டி வைத்திருக்கும், குறைந்தால் விட்டுவிடும். நல்ல போத்தலில் தண்ணீர் விட்டால் வனிலா விரியும். இதில் மட்டைதான் விரிந்தது. கராம்பும் இஞ்சியும் இருந்த இடமே தெரியவில்லை. இந்தப் பழுது தன் மணத்தைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை, மற்ற மணங்களையும் அமுக்கிவிடும். அதனால்தான் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் "ஏனோ சப்பென்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த முறை வேறு கொம்பனிக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் உங்களுக்குக் கடிதம் எழுதப்போவதில்லை.

இதன் பெயர் 2,4,6-ட்ரைகுளோரோஅனிசோல். தக்கைப் பட்டையிலோ மரத்திலோ இருக்கும் குளோரீன் சேர்மங்களைப் பூஞ்சை மாற்றுவதால் வருவது. வைன்காரர் இதன் பெயரைக் கேட்டாலே நடுங்குவார்கள், ஒரு லீற்றரில் சில நனோகிராம் போதும். "40 வீத மதுவில் பூஞ்சை வளராது" என்று உங்கள் மூன்றாவது முகவர் வகுப்பு எடுத்தார். வளராதுதான். போத்தலுக்குள் வளர்ந்தது என்று யார் சொன்னது? தக்கை போத்தலுக்கு வரமுன்னரே பூஞ்சை தன் வேலையை முடித்துவிட்டது. மிஞ்சிய இரசாயனம்தான் மதுசாரத்தில் கரைந்து வருகிறது. இந்த வித்தியாசம் தெரியாதவரை ஏன் அந்தக் கதிரையில் இருத்தியிருக்கிறீர்கள்?

ஆனால் அவர் பரவாயில்லை. நான்காமவர் இருக்கிறாரே, தமிழ்ப் பிரிவில். நான் இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லி முடிக்க, ஒரு சிரிப்பு. பிறகு, "அண்ணை, முப்பது டொலர் சாமானுக்கு இவ்வளவு ஆராய்ச்சியோ? கோக்கைக் கலந்து குடியுங்கோ, ஒண்டும் தெரியாது."

இதை இரண்டு தரம் வாசிக்கும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சரக்கைப் பற்றி உங்கள் சம்பளத்தில் இருப்பவர் சொன்ன சொல் இது. கனடா விஸ்கி மூன்று வருடமாவது 700 லீற்றருக்கு மேற்படாத மரப் பீப்பாயில் முதிரவேண்டும், நாட்டுக்குள்ளேயே ஊறவைத்து வடித்து முதிரவைக்கவேண்டும், 40 வீதத்துக்குக் குறையக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் 30 டொலர் போத்தலுக்கு ஒன்று, 130 டொலர் போத்தலுக்கு ஒன்று என்று இரண்டாக இல்லை. 2016க்கான உலகின் சிறந்த விஸ்கி என்று விஸ்கி விமர்சகர் ஜிம் மறே தெரிவுசெய்தது மனிற்றோபாவின் கிம்லியில் வடித்த கிறவுண் ரோயல் நோர்தேர்ண் ஹார்வெஸ்ட் ரையை. அப்போது அதன் விலையும் இங்கே முப்பது சொச்சம் டொலர்தான். அதையும் கோக்கில் கலக்கச் சொல்வாரோ இந்த அண்ணை?

நான் கோபப்படவில்லை. உண்மையில் கோபப்படவில்லை. உங்கள் தொலைபேசியில் 47 நிமிடம் வயலின் கேட்ட பிறகும் "வணக்கம்" என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். பதினொரு அழைப்பு, ஐந்து கிழமை.

அதே ஆள் அடுத்ததாகச் சொன்னது: "ரை எண்டால் அப்பிடித்தான் மணக்கும்." ரை கராம்பு, கறுவா, மிளகு, சில வேளை புதிதாக அறுத்த மரம் என்று மணக்கும். நனைந்த மட்டை என்று நல்ல ரை மணக்காது. முழுக்க ரையில் செய்த அல்பேர்ட்டா பிறீமியத்தைப் பக்கத்தில் ஊற்றிவைத்து ஒப்பிட்டேன், அதில் அப்படி ஒரு சுவடும் இல்லை. அதோடு, இந்த நாட்டில் லேபலில் ரை என்று போடுவதற்கு உள்ளே இவ்வளவு ரை இருக்கவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பெயரைக் காட்டிப் பழுதை மூடவேண்டாம்.

சோதனையை முழுதாகச் சொல்லவில்லை, கதை எங்கேயோ போய்விட்டது. பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் இந்த இரசாயனத்தை உறிஞ்சும். சிப் வைத்து மூடும் சுத்தமான உணவுப் பையில் உள்ளங்கை அளவு வெட்டி, 50 மி.லீ. விஸ்கிக்குள் போட்டுப் பதினைந்து நிமிடம் கலக்கி எடுத்தேன். மட்டை மணம் பாதிக்கு மேல் குறைந்தது. கூடவே கொஞ்சம் வனிலாவும் போய்விட்டது, அதனால் இது போத்தலைக் காப்பாற்றும் வழி அல்ல, நோயைக் கண்டுபிடிக்கும் வழி மட்டும். பிறகு முக்கோணச் சோதனை: அடையாளம் தெரியாத மூன்று கிளாஸ், இரண்டில் உங்களுடைய பழைய திருகுமூடிப் போத்தல், ஒன்றில் புதியது. எது வேறு என்று மட்டும் நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு பேரும் சரியாகக் காட்டினார்கள். குருட்டுவாக்கில் நால்வரும் சரியாகச் சொல்ல 81க்கு 1 வாய்ப்பு. "உங்கள் கற்பனையாக இருக்கலாம்" என்று ஐந்தாவது முகவர் தொலைபேசியில் சொன்னார். நால்வருக்கும் ஒரே கற்பனையா?

இனி அந்தப் பயணம். போத்தலை நேரில் கொண்டுவந்தால் மாற்றித் தருவோம், கிழமை நாளில் மாலை நான்கு மணிக்கு முதல் வாருங்கள் என்று உங்கள் ஆள்தான் விலாசம் தந்தார். அரை நாள் லீவு, 401 நெடுஞ்சாலையில் ஒன்றேகால் மணி நேரம். வாசலில் காவலாளி சொன்னது, இங்கே பொதுமக்களுக்குக் கவுண்டரே கிடையாது, வெறும் களஞ்சியம். உள்ளே கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டார். உள்ளிருந்து வந்த பதில்: வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசி எடுக்கவும். வாகனத்துக்குள் இருந்து எடுத்தேன். யார் எடுத்தது என்று ஊகித்திருப்பீர்கள். அதே அண்ணைதான். "நாங்கள் அப்பிடி ஒருத்தருக்கும் சொல்லுறேல்லையே." மாதிரியைக் கூரியரில் அனுப்பும்படி பிறகு சொன்னார்கள். கூரியர் கவுண்டரில் மது என்றதும் கையை விரித்துவிட்டார்கள். அதற்கும் உங்களிடம் பதில் இல்லை.

மூன்று போத்தலுக்கு 98.85 டொலர். பெற்றோல், அரை நாள் சம்பளம், தொலைபேசியில் போன மணித்தியாலங்கள், கெட்டுப்போன ஒரு விருந்து, எந்தத் தக்கையைத் திறந்தாலும் மட்டை மணக்கிறதோ என்று இப்போது எனக்கு வந்திருக்கும் சந்தேகம், எல்லாம் சேர்த்து 900 டொலருக்குக் குறையாது. ஆனாலும் நான் நியாயமான மனிதன். கேட்பது இவ்வளவுதான்: 98.85 டொலரைத் திருப்பித் தாருங்கள். அந்த லொட்டில் நீங்கள் எடுத்துவைத்திருக்கும் மாதிரிப் போத்தலை ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, ட்ரைகுளோரோஅனிசோல் அளவை எழுத்தில் தாருங்கள். தக்கை தந்தவரிடம் விசாரியுங்கள், மற்றவர்கள் வாங்கமுன்னர். திருகுமூடியையே திரும்பக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. அது மலிவாகத் தெரியும் என்று விளம்பரக்காரர் சொல்லியிருப்பார்கள், ஆனால் அது மணக்காது.

ஒவ்வொரு போத்தலிலிருந்தும் 200 மி.லீ. சிறு கண்ணாடிப் போத்தல்களில் விளிம்புவரை நிரப்பி, அலுமினியத் தாள் வைத்து மூடி, இருட்டில் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக்கில் வைக்கவில்லை, அது சாட்சியையே உறிஞ்சிவிடும். உங்கள் ஆள் யாராவது வந்து எடுத்துப்போகலாம். தேநீர் தருவேன்.

பத்து வேலை நாட்களுக்குள் மனிதர் ஒருவர் எழுதிய பதில் வராவிட்டால், இந்தக் கடிதமும் முந்தைய ஐந்தும் கனடா உணவுப் பரிசோதனை முகமைக்கும் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கும் போகும். அதன் பிறகு சிறு கோரிக்கை நீதிமன்றம். 98.85 டொலருக்கு வழக்குப் போடுவானா என்று நினைக்கவேண்டாம். மணத்துக்கு முக்கோணச் சோதனை வைத்தவன் போடுவான்.

உங்கள் உடனடிக் கவனத்துக்கு முன்கூட்டிய நன்றி.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளன்
ஸ்காபரோ, ஒன்ராறியோ
(பெயர், தொலைபேசி இலக்கம், ஐந்து முறைப்பாட்டு இலக்கங்கள் இணைப்பில்)

பி.கு.: கோக்கைக் கலந்தும் பார்த்தேன். வாயுக் குமிழி மேலே வரும்போது மட்டை மணத்தையும் மூக்குவரை தூக்கிக்கொண்டு வருகிறது. அண்ணையிடம் சொல்லிவிடவும்.