ஆர்வென் புயலில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 2021ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி இரவு வடகிழக்கு ஸ்காட்லாந்தைத் தாக்கிய ஆர்வென் புயலின்போதும், அதைத் தொடர்ந்து மின்சாரமின்றிக் கழிந்த நாள்களிலும் எங்கள் குடும்பத்துக்கு உதவியவர்கள் பலர். அப்போதே கிராம மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி ஒட்டியிருந்தோம். அதற்கு மேல் எழுதியிருந்தால் இவ்வூர்க்காரர்கள் கூச்சப்பட்டுப் பலகை இருக்கும் பக்கமே வராமல் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த நாள்களில் எங்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியாமல் தவித்துப்போன மதுரை உறவினர்களும் நண்பர்களும், "அந்தக் காட்டில் உங்களுக்கு யார் இருந்தார்கள்?" என்று இன்றும் கேட்கிறார்கள். அவர்களுக்கும் விவரம் தெரியட்டும் என்றே இம்மடலைத் தமிழில், சற்று விரிவாக எழுதுகிறேன். புயல் கலைத்துப்போட்ட வேலைகளில் கடைசியானது இந்த மே மாதத்தில்தான் முடிந்தது என்பதால் இதுவரை தள்ளிப்போயிற்று. உதவியவர்கள் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. அது அவர்களுக்குப் பிடிக்காது.

எங்கள் வீடு அபர்தீன்ஷயரில், டீ ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு சரிவில், ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய சாலையின் கடைசியில் இருக்கிறது. குடிநீர் மலைச்சுனையிலிருந்து மின்மோட்டார் மூலம் ஏறி, புறஊதா விளக்கில் கிருமி நீங்கி வருகிறது. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் மண்ணெண்ணெயில் எரிந்தாலும், அதை மூட்டவும் வெந்நீரைக் குழாய்களில் சுற்றிவிடவும் மின்சாரம் வேண்டும். ஆகவே இத்தகைய வீட்டில் மின்சாரம் நின்றால் தண்ணீரும் நின்றுவிடும், வெந்நீரும் நின்றுவிடும், அறைகளின் சூடும் போய்விடும். நவம்பர் கடைசியில் இங்கே பிற்பகல் மூன்றரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. மறுநாள் காலை எட்டு மணியைத் தாண்டித்தான் உதிக்கும். நகரத்தில் இருப்பவர்கள் மின்வெட்டு என்றதும் மெழுகுவத்தியை நினைப்பார்கள். நாங்கள் முதலில் வாளியை நினைப்போம்.

வானிலை ஆய்வு மையம் அன்று கிழக்குக் கரையோரத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள நார்தம்பர்லாந்தில் மணிக்கு 98 மைல் வேகத்தில் காற்று பதிவானது. எங்கள் பக்கத்தில் அதன் வேகத்தைவிட அது வந்த திசைதான் அதிகக் கேடு செய்தது. ஸ்காட்லாந்தின் மரங்கள் ஆண்டு முழுவதும் தென்மேற்குக் காற்றுக்கு முகங்கொடுத்து, அதற்கேற்ப வேரூன்றி வளர்ந்தவை. ஆர்வென் வடக்கிலிருந்து வந்து அவற்றை முதுகுப்புறத்தில் அடித்தது. ஆழமாக வேர் விடாத சிட்கா ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத் தோப்புகள் மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் தோட்டத்து எல்லையில் நின்ற பெரிய பீச் (beech) மரம், ஆள் உயரத்துக்கு மண்ணோடு பெயர்ந்த வேர்த்தட்டுடன், கண்ணாடிக் குடில் மீதும் கோழிக்கூண்டின் ஒரு பாதி மீதும் விழுந்தது. கோழிகள் அனைத்தும் மறுபாதியில் இருந்ததால் பிழைத்தன.

முதல் நன்றி, சனிக்கிழமை விடியும் முன்பே டிராக்டரில் மரமறுக்கும் இயந்திரத்தோடு எங்கள் சாலையில் ஏறிவந்த பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் அவருடைய மகனுக்கும். அவர்களுடைய கொட்டகைக் கூரையின் தகடுகளே வயலில் பறந்து கிடந்தன. அதைப் பார்க்கப் போகாமல், எங்கள் வீட்டுக்கும் எங்களுக்கு மேலே தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டுக்கும் வழி திறக்க, சாலையில் கிடந்த மரங்களை ஒவ்வொன்றாக அறுத்து ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். வாசலில் நின்று நாங்கள் நலமா என்று கேட்டார்கள். நலம் என்றதும் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்கள். தேநீர் குடிக்கக்கூட நிற்கவில்லை. தேநீர் போட எங்களிடம் தண்ணீர் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த முறை டிராக்டர் ஏறிவந்தபோது முன்பக்க வாளியில் தண்ணீர்க் கேன்கள் இருந்தன.

இனிக் கோழிகளுக்கு வருகிறேன். எங்களுக்குக் கிடைத்த உதவிகளிலேயே சட்டப்படி அவசரமானது இதுதான். பறவைக் காய்ச்சல் பரவியதால், நவம்பர் 29ஆம் தேதி திங்கட்கிழமை முதல் பிரித்தானியா முழுவதும் கோழி வளர்ப்போர் எல்லாரும், இரண்டு மூன்று கோழிகள் மட்டுமே வைத்திருப்பவர்கள் உட்பட, அவற்றைக் காட்டுப் பறவைகள் நெருங்காதபடி உள்ளே அடைத்து வைக்க வேண்டும் என்று அரசு ஏற்கெனவே உத்தரவிட்டிருந்தது. நாங்களும் அதற்காகக் கூண்டைப் பலப்படுத்தி, கம்பிவலை வாங்கி வைத்திருந்தோம். வெள்ளி இரவு கூண்டு போயிற்று. திங்கள் முதல் அவை வெளியே நிற்கக்கூடாது. உள்ளே என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் ஒன்றுமே மிஞ்சவில்லை. பேச்சுவாக்கில் பண்ணைக்காரரிடம் இதைச் சொன்னபோது, தம் பழைய மாட்டுத்தொழுவத்தின் ஒரு பகுதி சும்மாதான் கிடக்கிறது என்றார். ஞாயிறு மாலை இருட்டியதும், பரணில் தூங்கிக்கொண்டிருக்கும் கோழி சண்டை போடாது என்பதால் நேரம் பார்த்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவருடைய மகன் வந்தார். மிஞ்சியிருந்த பாதிக் கூண்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கையோடு சேர்த்து அணைத்து எடுத்து, உருளைக்கிழங்குக் கூடைகளில் வைத்து, மேலே சாக்கைப் போர்த்தி, கொட்டும் பனியில் டிராக்டரில் கொண்டுபோனோம். தொழுவத்தின் சன்னல்களில் சிட்டுக்குருவிகூட நுழைய முடியாத வலையைப் பண்ணைக்காரர் அதற்குள் அடித்து வைத்திருந்தார். வாசலில் கால் நனைக்கக் கிருமிநாசினித் தட்டு, தரையில் புது வைக்கோல், உட்கார ஒரு பழைய ஏணி. தடுப்புச் சுவருக்கு அப்பால் மாடுகள் நின்றதால் அந்த இடம் அப்போது எங்கள் வீட்டு வரவேற்பறையைவிடக் கதகதப்பாக இருந்தது. உண்மையிலேயே சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த உத்தரவு சில வாரங்களில் முடியும் என்று எல்லாரும் எண்ணினோம். அது 2022 மே 2 வரை நீண்டது. கடைகளில் திறந்தவெளி முட்டை என்று விற்றவை மார்ச் 21 முதல் கொட்டகை முட்டை என்று பெயர் மாற வேண்டிய அளவுக்கு நீண்டது. அத்தனை மாதமும் எங்கள் கோழிகள் அவருடைய தொழுவத்தில் குடியிருந்தன. இடையில் ஜனவரி இறுதியில் மாலிக், காரி என்று அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்களையும் அங்கேயே கழித்தன. வாடகை என்று பேச்செடுத்தபோது அவர் பேச்சை ஆட்டுக்குட்டிகளுக்கு மாற்றிவிட்டார். தொழுவத்தில் கிடைத்த முட்டைகளை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தோம். பாதியைத்தான் எடுத்துக்கொண்டார் என்பதை, எங்கள் வாசலில் வாரந்தோறும் இருந்த பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

சாலைக்கு மேலே இருக்கும் மூதாட்டிக்கு உதவலாம் என்று நாங்கள் போனோம், நடந்தது வேறு. கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலங்கள் தீர்ந்து, எங்கள் கைப்பேசிகள் ஓய்ந்திருந்தன. வீட்டிலிருந்த கம்பியில்லாத் தொலைபேசியும் மின்சாரமின்றி இயங்காது. அவரோ, செப்புக் கம்பி இணைப்பிலேயே மின்சாரம் பெற்று இயங்கும் பழைய சுழல்வட்டத் தொலைபேசியைக் கைவிடாமல் வைத்திருந்தார். மின்தடையைத் தெரிவிக்கும் 105 என்ற எண்ணை அதில் சுழற்றி எங்கள் வீட்டுக்கும் சேர்த்து அவரே பதிவு செய்திருந்தார். மதுரையிலிருக்கும் என் மாமியாருக்கு "எல்லாரும் நலம்" என்ற செய்தி போனதும் அந்தத் தொலைபேசியிலிருந்துதான். கூடவே, விறகு அடுப்பின் மீது எந்நேரமும் கொதித்துக்கொண்டிருந்த அவருடைய பார்லி சூப் எங்கள் பிள்ளைகளுக்கு இரவு உணவாயிற்று. அம்மையாரே, மின்வெட்டு முடிந்த பிறகும் அந்தச் சூப்பைக் கேட்டு அவர்கள் உங்கள் கதவைத் தட்டுவதற்கு எங்களைப் பொறுத்தருள வேண்டும்.

டிராக்டரோடு இணைத்து ஓட்டும் தம் ஜெனரேட்டரை வீடு வீடாகக் கொண்டுசென்ற மற்றொரு விவசாயிக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஒரு வீட்டில் ஓரிரு மணி நேரம், அதற்குள் ஃபிரீசர் மீண்டும் உறைந்துவிடும், பாய்லர் ஓடும், தொட்டியில் தண்ணீர் ஏறும். பிறகு அடுத்த வீடு. எந்த வீட்டுக்கு எப்போது என்ற முறையை ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். கைக்குழந்தை உள்ள வீடும் முதியவர் உள்ள வீடும் மேலே இருந்தன, அவருடைய வீடு கடைசியில் இருந்தது.

கிராம மண்டபத்தைத் திறந்து வைத்து, முகக்கவசமும் கைகழுவும் திரவமுமாகக் கொரோனாக் கால விதிகளை ஒருபுறம் காத்துக்கொண்டே, வந்தவர்களுக்கெல்லாம் சூடான உணவும் கைப்பேசிக்கு மின்னேற்றமும் தந்த குழுவினருக்கும், நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வந்து குளிரில் கம்பமேறிய மின் பணியாளர்களுக்கும், வீடு வீடாக நலம் விசாரித்த இராணுவ வீரர்களுக்கும் எங்கள் வணக்கம். மின்சாரம் எப்போது வரும் என்பது பற்றி எங்களுக்குக் கிடைத்த தகவல்கள் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தன. அந்தக் குறையைக் கம்பத்தின் மேல் நின்றவர்கள் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

எங்கள் கோலி (collie) இன நாய்க்கு வயதாகிவிட்டது. குளிர்ந்தால் பின்கால்கள் பிடித்துக்கொள்ளும். அதைத் தினமும் தம் வீட்டு விறகு அடுப்பின் முன் படுக்க வைத்துக்கொண்ட, பணி ஓய்வு பெற்ற தபால்காரருக்கு நன்றி. அங்கே அதற்குப் பழக்கமான சோபா இடத்தை இன்னும் விட்டுத்தர மறுக்கிறது என்று கேள்விப்படுகிறோம்.

விழுந்த பீச் மரத்தை அறுத்துப் பிளந்து, மழை படாமல் காற்று மட்டும் புகும்படி சுவரோரம் அடுக்கித் தந்தவர்கள், அது நன்றாகக் காயும் வரை தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள், தொடவில்லை. மரம் போன வெட்டவெளியைப் பார்த்து நான் சற்றுக் கலங்கியிருந்தது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. செடிகள் உறங்கும் காலம்தான் இடம் மாற்ற ஏற்றது என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் ருபார்ப் கிழங்கைப் பகுத்துக் கொண்டுவந்தார். இன்னொருவர் ராஸ்பெர்ரிக் குச்சிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வேலிக்காக வெறும் வேருடன் ஒரு கட்டு ஹாத்தார்ன் கன்றுகள் வந்தன. வாசற்கதவருகே ரோவன் மரம் இருந்தால் சூனியக்காரிகள் அண்டமாட்டார்கள் என்பது இந்நாட்டுப் பழைய நம்பிக்கை. ஆகவே ஒரு ரோவன் கன்றும் வந்தது. அதைக் கொண்டுவந்த அம்மையார் தமக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு, கதவிலிருந்து எத்தனை அடி தள்ளி நட வேண்டும் என்பதை மட்டும் மிகத் துல்லியமாகக் காட்டினார்.

புதிய கோழிக்கூண்டுக்குத் தச்சு வேலை செய்தவர் கூலியில் பாதியை வாங்க மறுத்துவிட்டார். மீதியை மண்டபத்தின் கூரை நிதியில் அவர் பெயரில் சேர்த்துவிட்டோம். கோபப்பட வேண்டாமென வேண்டுகிறேன், திருப்பித் தர இயலாது.

மதுரையில் இரவெல்லாம் விழித்திருந்து செய்திகளைப் பார்த்தவர்களுக்கும், எங்களைக் கேட்காமலே மீனாட்சியம்மன் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்ட சித்திக்கும் நன்றி.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பச்சைக் கைப்பிடி போட்ட கெட்டில் ஒன்று, கட்டமிட்ட கம்பளி இரண்டு, வெந்நீர்ப் பைகள், மூடியில்லாத சூப் பாத்திரம் ஒன்று ஆகியவை எங்கள் வீட்டில் இன்னும் உரிமையாளரை எதிர்பார்த்திருக்கின்றன. யாருடையவை என்று விசாரித்தால் எல்லாரும் தம்முடையதல்ல என்கிறார்கள். சனிக்கிழமைகளில் நாங்கள் வீட்டில்தான் இருப்போம். அன்புகூர்ந்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வருபவர்களுக்கு முட்டை உண்டு.

மிக்க நன்றியுடன்,
சாலையின் கடைசி வீட்டுக் குடும்பத்தினர்,
அபர்தீன்ஷயர்